ஸ்ட்ரிக்ட் என்று பெயரெடுத்தவள்

"ஸ்ட்ரிக்ட் அக்கா இருக்காங்களா?" என்று என் ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்பவர்கள் இரண்டு வகை. இருக்கிறாள் என்றதும் "அப்ப நாளைக்கு வரோம்" என்று நழுவுகிறவர்கள் ஒரு வகை. இருக்கிறாள் என்றதும் "அப்பாடா" என்று பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே பெஞ்சில் நிம்மதியாகப் பேப்பர் படிக்கிறவர்கள் இன்னொரு வகை. இரண்டு கட்சியும் சொல்வது ஒரே சொல்தான்.

நான் பொது நீச்சல் குளத்தின் கேட்டில் உட்கார்ந்திருப்பவன். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, கேட் சார் என்றால் தெரியும். மேற்படி அக்கா என் மனைவி, குளக்கரைப் பொறுப்பாளர். வேலையில் எனக்கு இரண்டு படி மேலே. வீட்டில் எத்தனை படி என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் அவளும் என்னைக் கேட் சார் என்றுதான் கூப்பிடுவாள். வேலை முடிந்து வெளியே வந்து செருப்பை மாட்டிய பிறகுதான் "என்னங்க". பதினாலு வருடத்தில் ஒரு நாள்கூட இது மாறி நான் கேட்டதில்லை.

இந்த ஸ்ட்ரிக்ட் என்ற சொல்லைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். ஜன்னலோரம் எட்டு மணி நேரம் உட்காருகிறவனுக்கு வேறென்ன வேலை. நம்மிடம் கண்டிப்பு இருக்கிறது, கறார் இருக்கிறது, கெடுபிடி இருக்கிறது. இருந்தும் ஆளாளுக்கு இந்த இங்கிலீஷ் சொல்லைத்தான் எடுக்கிறார்கள். கண்டிப்பு என்றால் கொஞ்சம் குரல் உயர வேண்டும். கறார் என்றால் அங்கே ஏதோ ஒரு பேரம் இருக்க வேண்டும். கெடுபிடி என்றால் சந்தேகமே இல்லை, திட்டுதான். ஸ்ட்ரிக்டில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. முகத்துக்கு நேரே சொன்னால் பாராட்டு, முதுகுக்குப் பின்னால் சொன்னால் வசவு. "எங்க வாத்தியார் ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்று முப்பது வருடம் கழித்துப் பெருமையடிக்கிறவன், படித்த காலத்தில் அதே சொல்லை எந்த முகத்தோடு சொன்னான் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் சொல்லியிருக்கிறேன். "டாக்டர் ஸ்ட்ரிக்டா சொல்லிட்டார்" என்றால், வேண்டாம் என்பதற்கு நாம் பொறுப்பில்லை, டாக்டர்தான் பொறுப்பு என்று பொருள். ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். "நான் என்கிட்டயே ஸ்ட்ரிக்ட்" என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. அது எப்போதும் எதிராளியிடம் இருக்கிற குணம்.

என் மனைவி விஷயத்தில் இந்தக் கடைசிப் பாடம் பலிக்காது என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். காலையில் ஐந்தரைக்கு நாங்கள் வேலைக்கு நடந்து போவோம். வழியில் ஒரு சிக்னல். அந்த நேரத்தில் சாலையில் ஒரு சைக்கிள்கூட இருக்காது. சிவப்பு விழுந்திருந்தால் அவள் நிற்பாள். நான் கடந்து போய் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, ஆளில்லாத சாலையைக் காட்டி இரண்டு கையையும் விரிப்பேன். அவள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, பச்சை விழுந்ததும் வருவாள். வந்த பிறகு எனக்கு ஒரு சொல் அறிவுரை கிடையாது. அதுதான் எரிச்சல். திட்டினாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம்.

என் தங்கை மகளோடு சீட்டு விளையாடுவாள். அந்தப் பெண்ணுக்கு அப்போது ஆறு வயது. மற்றவர்கள் எல்லாரும் குழந்தைக்கு விட்டுக்கொடுப்போம், இவள் மாட்டாள். ஆறு வாரம் தொடர்ந்து தோற்று, குழந்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகும். என் தங்கை என்னிடம் "அண்ணி ஏன்தான் இப்படி இருக்காங்களோ" என்று குறைபட்டுக்கொண்டாள். ஏழாவது வாரம் குழந்தை நிஜமாகவே ஜெயித்தது. தோற்றவர் ஒற்றைக்காலில் நொண்டியடித்து வீட்டை மூன்று சுற்று வர வேண்டும் என்பது குழந்தை போட்ட சட்டம். என் மனைவி நொண்டினாள். இரண்டாவது சுற்றில் எனக்குப் பாவமாகி, போதும் போதும் என்றேன். "மூணு சுற்றுன்னு பேச்சு" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு மூன்றாவது சுற்றையும் முடித்தாள். குழந்தை அன்று தூங்கும்வரை அத்தையின் மடியை விட்டு இறங்கவில்லை.

இனி குளத்துக்கு வருகிறேன். கேட் அறையில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை. அதில் நூறு ஆணி, ஆணிக்கு ஒன்றாக நூறு ரப்பர் வளையம், ஒவ்வொன்றிலும் ஒரு எண். உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வளையம் எடுத்துக் கொடுப்பேன். இடது மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். வெளியே வரும்போது வாங்கி ஆணியில் மாட்டுவேன். ஆக, எத்தனை ஆணி காலியோ அத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள். ஒவ்வொரு மணிக்கும் என் மனைவி விசில் ஊதுவாள். எல்லாரும் தண்ணீரை விட்டு ஏறிக் குளத்தின் விளிம்பில் வரிசையாக உட்கார வேண்டும். "கேட் சார், எத்தனை?" என்பாள். நான் காலி ஆணிகளை எண்ணிச் சொல்வேன். அவள் சுற்றி வந்து எண்ணுவாள். இரண்டும் ஒத்துப்போனால் மறுபடி விசில், மறுபடி தண்ணீர்.

இதில் விதி ஏழு என்று ஒன்று. எண்ணுகிறவர் தலையை எண்ணக் கூடாது, ஒவ்வொரு வளையத்தையும் தொட்டு எண்ண வேண்டும். மற்ற குளங்களில் இந்த விதி பலகையில் மட்டும் இருக்கிறது. இவள் ஒருத்திதான் குனிந்து, ஒவ்வொரு கையாகத் தொட்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டு போவாள். தலையை எண்ணினால் இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை, ஆறு நிமிடம் ஆகும். நீந்த வந்தவர்கள் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்து பல்லைக் கடிப்பார்கள்.

பல்லை அதிகம் கடித்தவர் தையல்காரர். தினமும் காலை ஒன்பது மணிக்கு வருவார். அறுபதைத் தாண்டியவர், சர்க்கரைக்காரர், நாக்கில் ஊசியும் கத்திரியும் உண்டு. ஸ்ட்ரிக்ட் அக்கா என்று முதலில் பட்டம் கட்டியதே அவர்தான். ஷவரில் குளிக்காமல் குளத்தில் இறங்கப் பார்த்தபோது மூன்று தடவை திருப்பி அனுப்பப்பட்டவர். என் ஜன்னலில் கயிறு கட்டித் தொங்குகிற கருத்துப் புத்தகத்தில் அவர் கையால் பதினோரு குறிப்புகள் உண்டு. வாசகம் கொஞ்சம் கொஞ்சம் மாறினாலும் சாரம் ஒன்றுதான்: இங்கே அளவுக்கு மீறி ஸ்ட்ரிக்ட், எண்ணி முடிப்பதற்குள் உடம்பு விறைத்துவிடுகிறது. எழுதி முடித்ததும் எனக்குப் படித்துக் காட்டி, "வீட்ல எப்படி சமாளிக்கிறீங்க?" என்று என்னைப் பார்த்து ஒரு பரிதாபச் சிரிப்பு வேறு. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன வருடம் நகரின் மறுபக்கத்தில் பெரிய குளம் ஒன்று கட்டி முடித்தார்கள். ஐம்பது மீட்டர் நீளம், எட்டு தடம், நீரில் குதிக்க மேடை. அதற்குத் தலைமைப் பொறுப்பாளர் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. என் மனைவி எதற்கும் ஆசைப்பட்டுக் காட்டாதவள். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போய், இன்னும் தண்ணீர் விடாத அந்தக் குளத்தின் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். நீலக் கல் பதித்த வெறும் தொட்டி. அரை மணி நேரம் பார்த்தாள். "இதுல எட்டு பேர் ஒரே நேரத்துல முட்டிக்காம நீந்தலாம்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. எனக்குப் புரிந்துவிட்டது. இது அவளுக்குக் கிடைக்காமல் போனால் நான் தாங்க மாட்டேன் என்று அன்றே மனதில் போட்டுக்கொண்டேன்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், எங்கள் மேலாளர் வருடா வருடம் நிரப்புகிற படிவத்தில். ஊழியரின் குணத்தை ஒரே இங்கிலீஷ் சொல்லில் எழுதச் சொல்லி அதில் ஒரு கட்டம். பதினாலு வருடமாக அவள் கட்டத்தில் அவர் எழுதியது ஸ்ட்ரிக்ட். பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் தலைமை அலுவலகத்திலிருந்து இந்தத் தடவை, இவர் பொதுமக்களோடு அனுசரித்துப் போவாரா என்று கேட்டு ஒரு காகிதம் வந்துவிட்டது. கூடவே தையல்காரரின் பதினோரு குறிப்புகளின் நகலையும் கேட்டிருந்தார்கள்.

நான் மேலாளர் அறைக்குப் போய் அந்தக் கட்டத்தில் வேறு ஏதாவது போடக் கூடாதா என்று கெஞ்சினேன். அவரும் நல்லவர், அலமாரியிலிருந்து அகராதியை எடுத்தார். இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு தேடினோம். சின்சியர் என்று போடலாமா என்றேன். "அது எல்லாருக்கும் போடறதுதான். மத்தியானம் குறட்டை விடற கிளார்க்குக்கும் போன வருஷம் அதைத்தான் போட்டேன்" என்றார். ஃப்ரெண்ட்லி என்று போட்டால் நேரில் வந்து பார்க்கிற குழு சிரிக்கும். அகராதியில் ஸ்ட்ரிக்ட் என்ற சொல்லுக்குப் பொருள் பார்த்தோம். விதியை மீற விடாத என்று போட்டிருந்தது, அதன் கீழே விதியை மீறாத என்றும் போட்டிருந்தது. மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தேர்வுக் குழு வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அதுவரை கட்டம் காலியாக இருக்கட்டும் என்றார்.

குழு ஒரு புதன்கிழமை வந்தது. மூன்று பேர். இரண்டு பேர் மேலாளரோடு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தலைவர் மட்டும், தனக்கு நீச்சல் உயிர் என்றும், நீந்துகிறவனாக இறங்கித்தான் பார்ப்பேன் என்றும் சொல்லிவிட்டுத் துண்டோடு என் ஜன்னலுக்கு வந்தார். அவர் கையை நீட்டினாரா இல்லையா என்பதுகூட எனக்கு நினைவில்லை. எனக்குள் ஒரு காக்கா பிடிக்கிற ஆள் இருந்திருக்கிறான், அன்றைக்குத்தான் தெரிந்தது. எவ்வளவு பெரிய மனிதர், இவர் கையில் போய் ரப்பர் வளையமா என்று தோன்றியது. போதாததற்கு, இங்கே எல்லாம் கெடுபிடி என்று இவர் நினைத்துவிடக் கூடாதே என்ற கவலை வேறு. எழுந்து நின்று, "நீங்க போங்க சார், உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று கதவைத் திறந்துவிட்டேன். என் மனைவிக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியோடு உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு விசில் ஊதினாள். எல்லாரும் ஏறி விளிம்பில் உட்கார்ந்தார்கள். "கேட் சார், எத்தனை?" நான் காலி ஆணிகளை எண்ணி, நாற்பத்து மூன்று என்றேன். வழக்கமாகக் குனிந்து தொட ஆரம்பிப்பாள். அன்று நின்ற இடத்திலிருந்தே விரலை நீட்டி, மளமளவென்று தலைகளை எண்ணினாள். நாற்காலியில் இருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை அவளும் பார்த்தாள். நாற்பத்து மூன்று. கணக்கு நேர். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. விசில் ஊதினாள், எல்லாரும் தண்ணீரில் குதித்தார்கள். நான் என் ஜன்னலிலிருந்து, பரவாயில்லையே, இவளுக்கும் நெளிவு சுளிவு வந்துவிட்டதே என்று பூரித்துப்போனேன். நாற்பத்து மூன்று வளையம் கொடுத்திருக்கிறேன், வளையமே இல்லாமல் ஒருவரை உள்ளே விட்டிருக்கிறேன், அப்படியானால் நாற்பத்து நான்கு தலை இருக்க வேண்டுமே என்று என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

உறைத்தது அவளுக்குத்தான். தலைவர் நல்ல நீச்சல்காரர். கையை நீளமாக வீசி நீந்தினார். இடது கை தண்ணீரை விட்டு எழுந்தது, வெறும் மணிக்கட்டு. வலது கை எழுந்தது, அதுவும் வெறும் மணிக்கட்டு. அவள் சட்டென்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததை நான் பார்த்தேன். அடுத்த நொடி விசில் மூன்று தடவை நீளமாக ஒலித்தது. அப்படி மூன்று ஊதினால் ஆபத்து என்று பொருள். அத்தனை பேரும் அலறியடித்துக்கொண்டு ஏறினார்கள்.

"கேட் சார், இவருக்கு வளையம் குடுத்தீங்களா?"

இல்லை என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. தலைவர் ஈரக் கையைத் தூக்கி, தனக்குத் தரவில்லை என்று காட்டினார். மேலாளர் எழுந்து வந்து, எண்ணிக்கைதான் சரியாக வந்துவிட்டதே, ஏன் பதறுகிறீர்கள் என்று சமாதானம் செய்யப் பார்த்தார்.

"வளையம் இல்லாம சார் ஒருத்தர் கூடுதலா இருக்கார். அப்படியும் கணக்கு நேரா வருதுன்னா, வேற ஒருத்தர் குறையறாங்க" என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் தண்ணீரில் பாய்ந்துவிட்டாள். பாயும் முன் எனக்கு ஒரே ஒரு சொல் போட்டாள்: "குளியலறை." ஆண்கள் குளியலறைக்கு எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஆறு கதவு. ஐந்து திறந்திருந்தது, மூன்றாவது மட்டும் உள்ளே தாழ். தட்டினேன், பதில் இல்லை. கதவுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். ஈரத் தரையில் ஒரு கை கிடந்தது. மணிக்கட்டில் முப்பத்தொன்று.

தோளால் இடித்து உள்ளே போனால், சுவரில் சாய்ந்து சரிந்து கிடக்கிறார் தையல்காரர். முகம் சாம்பல், உடம்பெல்லாம் வியர்வை, கண் பாதி திறந்திருக்கிறது, பேச்சு குழறுகிறது. சர்க்கரை இறங்கிவிட்டது. நீந்தும்போதே தலை சுற்றியிருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் கொஞ்சம் உட்காரலாம் என்று வந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் போட்ட கூச்சலில் என் மனைவி தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தாள். அவர் தலையைத் தன் கையில் தாங்கி, முதலுதவிப் பெட்டியில் வைத்திருக்கிற சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக, விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்துப் புகட்டினாள். பத்து நிமிடத்தில் டாக்டர் வந்தார். அதற்குள் தையல்காரருக்குப் பேச்சுத் திரும்பியிருந்தது. முதலில் கேட்டது, கதவை உடைத்தது யார், அதைச் சரிசெய்வது யார் என்று. உயிர் வந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் நிச்சயமாயிற்று. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் கிடந்திருந்தால் கதை வேறு என்றார்.

அன்று சாயந்திரம் எல்லாரும் போன பிறகு, என் மனைவி தினப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினாள். நான் எதிரில் நின்றேன். எழுதி முடித்துக் கையெழுத்துக்காக என் பக்கம் திருப்பினாள். பத்து மணி எண்ணிக்கையில் பொறுப்பாளர் விதி ஏழின்படி வளையங்களைத் தொட்டு எண்ணாமல் தலைகளை எண்ணினார் என்பது முதல் வரி. எண்ணி முடித்ததிலிருந்து, தவறு தெரிந்து ஆபத்து விசில் ஊதும்வரை நான்கு நிமிடம் கழிந்தது என்பது இரண்டாவது. கேட் ஊழியர் ஒருவரை வளையம் இல்லாமல் அனுமதித்தார் என்பது மூன்றாவது. அதாவது நான் மூன்றாவது.

என் பெயர் வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அவள் பெயரைப் பார்த்ததும்தான் ஆடிப்போனேன். "என்னைப் பத்தி எழுது, நூறு வரி எழுது. நீ தலையை எண்ணினது யாருக்குத் தெரியும்? அவங்க எல்லாரும் உன்னைத் தெய்வமாப் பார்த்துட்டுப் போயிருக்காங்க. இதைப் படிச்சா போஸ்ட் போயிடும்மா" என்றேன்.

"தெரியும்" என்றாள். பேனாவை என் கையில் கொடுத்தாள்.

நான் கையெழுத்துப் போட்டேன். கேட்டைப் பூட்டிவிட்டு வெளியே வந்து செருப்பு மாட்டும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்காகத்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன், புத்தி கெட்டுப்போய்ச் செய்தேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"என்னங்க" என்றாள். "நானும் எனக்காகத்தான் தலையை எண்ணினேன். அவங்க கடிகாரத்தைப் பார்த்தாங்க. அந்தப் பெரிய குளம் ஞாபகம் வந்துடுச்சு."

எனக்கு ஏழு நாள் சஸ்பென்ஷன் கொடுத்தார்கள். தகுந்த தண்டனைதான். வீட்டில் சமைத்து மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போவேன். சஸ்பென்ஷனில் இருப்பவர் உள்ளே வரக் கூடாது என்று விதி. என் ஜன்னலில் எனக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த ஆளிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டு, வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். காலி டப்பாவை அவள் அதே ஜன்னல் வழியாக அனுப்புவாள். ஒரு நாள் டப்பாவுக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. "உப்பு அதிகம்" என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் எல்லாம் பழையபடி இருக்கிறது என்று நம்பிக்கை வந்தது.

பத்தாம் நாள் விசாரணை. குற்றவாளி என்ற முறையில் நானும் உள்ளே உட்கார்ந்திருந்தேன். தலைவர் பதிவேட்டைப் புரட்டி அந்த முதல் வரியில் விரலை வைத்தார்.

"நீங்க தலையை எண்ணினது எங்க யாருக்கும் தெரியாது. நாங்க பாராட்டிட்டுப் போயிருப்போம். எதுக்கு எழுதினீங்க?"

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்பது விதி என்றாள். அவர் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் கொஞ்சம் தடுமாறினாள். அவள் குரல் தடுமாறி நான் கேட்டது வாழ்க்கையில் இரண்டு மூன்று தடவைதான்.

"அந்த நாலு நிமிஷம் அவர் தரையில கிடந்தார் சார். நாங்க எல்லாரும் கணக்கு சரின்னு தண்ணியில குதிச்சு விளையாடிட்டிருந்தோம். அது எங்கேயாவது எழுதியிருக்கணும்ல."

தலைவர் பதிவேட்டை மூடினார். போகும்போது என் ஜன்னலருகே நின்று, தான் முப்பது வருடமாகத் தேர்வுக் குழுக்களில் உட்காருவதாகவும், தன் தவறைத் தானே எழுதிக்கொண்டு வந்தவரை இதுவரை பார்த்ததில்லை என்றும் சொன்னார். பிறகு, அன்றைக்கு வளையம் கேட்டு வாங்காதது தன் தப்பும்தான் என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

தையல்காரர் மூன்று வாரம் கழித்துத் திரும்ப வந்தார். வந்ததும் கருத்துப் புத்தகத்தைக் கேட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் எழுதினார். வழக்கம்போல் படித்துக் காட்டவில்லை, மூடி வைத்துவிட்டு ஷவருக்குப் போய்விட்டார். பன்னிரண்டாவது குறிப்பு இது: "இங்கே அதிக ஸ்ட்ரிக்ட். இப்படியே இருக்கவும். குளியலறைத் தரை மிகவும் சில்லென்று இருக்கிறது, கவனிக்கவும்." அன்று அவளிடம் எண்ணிக்கைக்குக் கை நீட்டும்போது, இனிமேல் தலை சுற்றினால் முதலில் உங்களிடம்தான் சொல்வேன் அக்கா என்று அவர் சொன்னதாக அவளே என்னிடம் சொன்னாள். அவளைவிட அவருக்குப் பதினைந்து வயது அதிகம்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் அந்தப் படிவம், கட்டம் இன்னும் காலி. "என்ன போடலாம், சொல்லுங்க" என்று அகராதியைத் தள்ளினார். நான் அகராதியைத் தொடவில்லை. பழைய சொல்லையே போடுங்கள் சார், நமக்குத்தான் அதற்கு அர்த்தம் தெரியாமல் இருந்தது என்றேன். அவர் கொட்டை எழுத்தில் போட்டார்.

வேலை அவளுக்கே கிடைத்தது. கடிதம் வந்த அன்று நான் குதித்த குதிக்கு அளவில்லை. அவள் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு உட்கார்ந்து அவர்களுக்கு ஒரு பதில் எழுதினாள். கணவன் மனைவியின் கீழ் வேலை பார்க்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறதாம். பழைய குளத்தில் எங்கள் இருவருக்கும் மேலே மேலாளர் இருந்ததால் அது பொருந்தவில்லை. புதிய குளத்தில் எல்லாரும் அவளுக்குக் கீழே. என்னையும் சேர்த்து மாற்றலாம் என்று அவர்களே ஆசையாக எழுதியிருந்ததை அவளே தடுத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது, இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை அதே சிக்னலில் அவளோடு சேர்ந்து சிவப்பில் நின்றேன். அவள் கொஞ்சம் நெருங்கி நின்றுகொண்டாள்.

இப்போது நான் பழைய ஜன்னலில், அவள் நகரின் மறுபக்கத்தில். எனக்கு ஞாயிறு விடுமுறை. அன்று பெரிய குளத்துக்கு நீந்தப் போவேன். முதல் ஞாயிறு அங்கே கேட்டில் இருந்தவர் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்து நின்றார்.

"மேடம் வீட்டுக்காரர்தானே? நீங்க போங்க சார், உங்களுக்கு எதுக்கு வளையம்."

நல்ல மனிதர். அவரைப் பார்க்க எனக்கு என்னையே பார்த்தாற்போல் இருந்தது. நான் இடது கையை நீட்டி, "குடுங்க சார்" என்றேன்.

பதினோரு மணிக்கு விசில் ஒலித்தது. மற்றவர்களோடு ஏறி விளிம்பில் உட்கார்ந்தேன். ஐம்பது மீட்டர் நீளத்துக்கு இரண்டு பக்கமும் ஈர உடம்புகள். அந்தக் கோடியிலிருந்து அவள் குனிந்து, ஒவ்வொரு மணிக்கட்டாகத் தொட்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். என் பக்கத்தில் இருந்த இளைஞன் நடுங்கிக்கொண்டே, "இந்தம்மா ரொம்ப ஸ்ட்ரிக்ட் போல" என்று என் காதில் முணுமுணுத்தான். ஆமாம் என்றேன். அவள் என்னிடம் வந்தாள். தெரிந்த முகம் என்ற அடையாளம்கூடக் காட்டவில்லை. விரல் என் வளையத்தைத் தொட்டது. "அறுபத்தொன்பது" என்றாள், அடுத்த கைக்குப் போனாள்.

தண்ணீரில் காலை ஆட்டியபடி விசிலுக்காகக் காத்திருந்தேன். எண்ணி முடிக்க இன்னும் நிறைய பேர் இருந்தார்கள்.